கொம்பன் என்கிற பொட்டம்மாள்

ஏழுசுனைக் காட்டில் பொட்டம்மாள் என்று ஒரு சருகுமான் இருந்தாள். மான் சாதியிலேயே சின்னது சருகுமான். முயலுக்குப் பக்கத்தில் நின்றால் முயல்தான் அண்ணன் மாதிரி தெரியும். தலையில் கொம்பு கிடையாது. ஓடினால் சருகு சலசலக்கும். நின்றால் சருகோடு சருகாக மறைந்துவிடும்.

அந்தக் காட்டில் யார் என்ன சொன்னாலும் மலைமைனாக்கள் கேட்டு வைத்துக்கொள்ளும். ஒரு மைனாவிடம் சேதியைச் சொல்லிவிட்டு நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கப் போகலாம். பின்னால் வருகிறவர்கள் கேட்டால் அது அப்படியே ஒப்பிக்கும். குளக்கரையில் ஒரு மைனாக் கூட்டம் இருந்தது. அத்திமரத்தில் இன்னொன்று. மூங்கில் புதரில் வேறொன்று. குளத்து மைனா அத்திமரத்துக்குப் போகாது. அத்திமரத்து மைனா மூங்கில் பக்கம் எட்டிப் பார்க்காது. ஓரிடத்தில் சொன்னது அந்த இடத்தோடு நின்றுவிடும்.

குளக்கரை ஊர்ச் செய்திக்கு. அங்கே பொட்டம்மாள் வாயே திறக்க மாட்டாள். மிஞ்சிப் போனால், "இன்றைக்குத் தண்ணீர் நன்றாக இருக்கிறது" என்பாள். அதையும் தரையைப் பார்த்துத்தான் சொல்வாள்.

மூங்கில் புதர் தாய்மார்களுக்கு. அங்கே மனம் விட்டுப் பேசுவாள். "என் குட்டி சில்லுவுக்கு முன்னங்கால் சுளுக்கு. ஓட முடியவில்லை. யாருக்காவது மருந்து தெரியுமா?" என்பாள். "நாவல் மரத்தடியில் விழுந்து கிடக்கிற பொந்துமரத்தில்தான் படுக்கிறோம். எறும்புத் தொல்லை தாங்கவில்லை!" என்பாள். மற்றத் தாய்மார்கள், "வேப்பிலையைப் பரப்பு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அத்திமரம் பாட்டுக்கும் கேலிக்கும். அங்கே பொட்டம்மாள் போனதே இல்லை.

ஆனால் கொம்பன் போவான்!

மரத்துக்குப் பின்னால் ஒரு காட்டுக்கொடிப் புதர். அதற்குள்ளிருந்து குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு ஒருவன் பாடுவான். "யாருடைய பாட்டு?" என்று மைனா கேட்கும். "கொம்பன் பாட்டு!" என்று பதில் வரும். பிறகு சருகு சலசலக்கும். அவ்வளவுதான்.

அந்தக் கொம்பன் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். காட்டில் யாருக்கும் தெரியாது.

போன மழைக்காலத்தில் புள்ளித்துரை என்ற சிறுத்தை பொட்டம்மாளின் தங்கையைக் கொண்டுபோய்விட்டது. பொட்டம்மாள் அழுதாள். அழுது முடித்த பிறகு வாயில் ஒரு பாட்டு வந்தது. குளக்கரையில் அதைப் பாட அவளுக்குத் தைரியம் இல்லை. கொம்பனுக்கு இருந்தது.

"புள்ளி வச்ச துரைக்கு
கோலம் போடத் தெரியல!
பின்னால் வந்து பாய்வாரு,
முன்னால் வரத் துணியல!"

இந்தப் பாட்டு காடு முழுவதும் பரவியது. புள்ளித்துரை பதுங்கி வருவதைப் பார்த்தால் போதும், மரத்து மந்திகள் இதைப் பாடத் தொடங்கிவிடும். கீழே மேய்கிற மான்களுக்கு விஷயம் புரிந்துவிடும். எல்லாம் சிட்டாய்ப் பறந்துவிடும். புள்ளித்துரைக்கு விலா எலும்பு தெரியத் தொடங்கியது.

கொம்பனைப் பிடிக்க அவனுக்கு ஆசைதான். ஆனால் கொம்பன் என்றால் தந்தமுள்ள யானை அல்லவா? அந்தக் காட்டில் அப்படி ஒருவர்தான் இருந்தார், வேழமுத்து ஐயா. அவர்தான் பாடுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். "பாட்டு பிரமாதம் ஐயா!" என்று எதிரில் வருகிறவர்கள் சொல்வார்கள். வேழமுத்து ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. காதை மட்டும் மெதுவாக ஆட்டுவார்.

இப்படிப் பொழுது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது வந்து சேர்ந்தான் துடுப்பழகன்.

துடுப்பழகன் ஒரு கரிச்சான் குருவி. வாலில் இரண்டு நீளக் கம்பிகள். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஒரு துடுப்பு. யார் குரலை ஒருமுறை கேட்டாலும் அச்சாக அதே குரலில் பேசுவான். நல்லவன்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. தன்னைவிடக் கெட்டிக்காரன் யாரும் இல்லை என்கிற ஒரே எண்ணம்தான்.

ஒரு நாள் காலை அவன் குளக்கரைக்கு வந்து, எல்லாரையும் கூப்பிட்டான்.

"அன்பான காட்டு மக்களே! நீங்கள் யார், எவர் என்று குளத்தில் ஒரு முறை சொல்கிறீர்கள். அத்திமரத்தில் மறுபடியும் சொல்கிறீர்கள். மூங்கிலில் இன்னொரு முறை சொல்கிறீர்கள். வாய் வலிக்கவில்லையா?"

"வலிக்கிறது! வலிக்கிறது!" என்றது தவளை. அது விடிந்ததிலிருந்து நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தது.

"இனி அந்தக் கஷ்டம் இல்லை! இதோ, ஒருமுகத் திட்டம்! எல்லா மைனாக்களிடமும் நான் கேட்டு மனப்பாடம் செய்துவிடுவேன். குளத்தில் சொன்னது, மரத்தில் பாடியது, மூங்கிலில் அழுதது, எல்லாவற்றையும் இணைத்து ஆளுக்கு ஒரு முழு விவரம்! யார் வந்து யாரைப் பற்றிக் கேட்டாலும், பெயர் முதல் படுக்கிற இடம் வரை சொல்லிவிடுவேன். அதுவும் அவரவர் குரலிலேயே! இதற்காக எனக்குப் புகழ்கூட வேண்டாம்!"

புகழ் வேண்டாம் என்றபோது வாலை ஒருமுறை விரித்துக் காட்டினான்.

கிழட்டு உடும்பு ஒன்று கண்ணைச் சுருக்கியது. "எதற்கப்பா இதெல்லாம்?"

"ஏமாற்று ஒழியத்தான்! நேர்மையானவர்களுக்கு மறைக்க என்ன இருக்கிறது? யாருக்காவது இதில் ஆட்சேபனை உண்டா?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆட்சேபனை சொன்னால், எதையோ மறைக்கிறான் என்று ஆகிவிடுமே! உடும்பு முதல் ஆளாகத் தலையாட்டியது.

"முதலில் என் விவரத்தையே சொல்கிறேன், கேளுங்கள்!" என்றான் துடுப்பழகன். தான் முட்டையிலிருந்து வெளிவந்த கதையில் தொடங்கி, தேக்கு மரத்தில் தான் தூங்குகிற கிளை வரைக்கும் சொன்னான். எல்லாரும் அதிசயித்துப் போனார்கள்.

பொட்டம்மாள் மட்டும் பேர் கொடுக்காமல் கிளம்பிவிட்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், அவளுடைய சிநேகிதி சடைச்சி கிளைக்குக் கிளை தாவிக்கொண்டு கூடவே வந்தாள். சடைச்சி ஒரு மலையணில்.

"என்ன அக்கா, சேரவில்லையா?"

"எனக்கு எதற்கு? நான் யாரிடம் பேசுகிறேன்?"

"அட, சேராதவர்களின் சேதியை மைனாக்கள் இனி வாங்காதாம்! துடுப்பழகன் ஏற்பாடு செய்துவிட்டான். சில்லுவின் காலுக்கு மருந்து கேட்க வேண்டாமா உனக்கு?"

பொட்டம்மாள் யோசித்தாள். குட்டியின் கால் இன்னும் குணமாகவில்லை. மறுநாள் துடுப்பழகனிடம் போனாள்.

"தம்பி, குளத்தையும் மூங்கிலையும் மட்டும் சேர்த்துக்கொள். அத்திமரத்துக்கு நான் போவதே இல்லை."

"கவலையே வேண்டாம் அக்கா!" என்றான் துடுப்பழகன்.

முதல் சில நாட்கள் காடே திருவிழாக் கோலம் பூண்டது. அடுத்தவர் விவரத்தைக் கேட்பதைப் போல இன்பம் வேறு உண்டா?

கரடியார் குளக்கரையில், "நான் விரதம். வெறும் தண்ணீர்தான்" என்று சொல்லித் திரிந்தவர். அத்திமரத்தில் அவர் பேசியது வேறு. "கரடியார் விவரம்!" என்று யாரோ கேட்டார்கள். துடுப்பழகன் அவர் குரலிலேயே தொடங்கினான். "நான் விரதம். வெறும் தண்ணீர்தான். நேற்றுப் பாறைக்கு மேலே இருந்த தேன்கூட்டை முழுசாக முடித்தேன். ஆகா! என் மனைவிக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள்!"

கரடியம்மாள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

கரடியார் காட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடினார். கரடியம்மாள் பின்னால் ஓடினாள். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பொட்டம்மாளும் சிரித்தாள்.

மயிலின் விவரம் அடுத்து வந்தது. குளத்தில் ஒரு பெண்ணுக்கும், மூங்கிலில் ஒரு பெண்ணுக்கும், "உன்னைத் தவிர யாருக்கும் தோகை விரித்ததில்லை" என்று அது சொல்லியிருந்தது. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அன்று மாலை மயிலிடம் விரிப்பதற்குத் தோகை அதிகம் மிச்சமில்லை. பொட்டம்மாள் அதற்கும் சிரித்தாள்.

அடுத்த நாள் சடைச்சி விளையாட்டாக ஒரு வேலை செய்தாள்.

"எங்கள் பொட்டம்மாள் அக்கா விவரத்தைச் சொல்லு! பாவம், என்னதான் இருக்கப் போகிறது!"

துடுப்பழகன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். மெல்லிய குரலில் தொடங்கினான். "பெயர் பொட்டம்மாள். இனம் சருகுமான். இன்றைக்குத் தண்ணீர் நன்றாக இருக்கிறது." கூட்டம் கொட்டாவி விட்டது. "குட்டியின் முன்னங்காலில் சுளுக்கு. ஓட முடியவில்லை. நாவல் மரத்தடியில் பொந்துமரத்தில் படுக்கிறோம்." இரண்டு பேர் எழுந்து போகவே பார்த்தார்கள். திடீரென்று துடுப்பழகனின் குரல் தடித்தது.

"புள்ளி வச்ச துரைக்கு கோலம் போடத் தெரியல!"



"கொம்பனா?" என்றது தவளை.

"இவளா?" என்றது முயல்.

"இந்த உடம்பிலிருந்தா?" என்றது உடும்பு.

எல்லாரும் பொட்டம்மாளைப் பார்த்தார்கள். அவள் சருகுக்குள் மறையப் பார்த்தாள். ஆனால் நின்ற இடத்தில் சருகு இல்லை, வெறும் மணல். பிறகு எல்லாரும் வேழமுத்து ஐயாவைப் பார்த்தார்கள். அவர் காதை ஆட்டுவதை நிறுத்திவிட்டு, முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் ஒரு மரத்தைப் பார்த்தார்.

அங்கே எழுந்த சிரிப்பில் குளத்துக் கொக்குகள் பறந்துவிட்டன.

பொட்டம்மாள் துடுப்பழகனின் கிளைக்குக் கீழே ஓடினாள். "தம்பி! அத்திமரம் வேண்டாம் என்றேனே! கொம்பன் பெயரை யார் உன்னிடம் சொன்னது?"

"யார் சொல்ல வேண்டும் அக்கா? குரலைத் தடிப்பாக்கிப் பேசினால் எனக்குத் தெரியாதா? என் தொழிலே குரல்தான்! உங்கள் புகழ் உங்களுக்கே வந்து சேரட்டும் என்று நான்தான் இணைத்தேன். நன்றியெல்லாம் வேண்டாம்!"

"அதைப் பிரித்துவிடு. கும்பிடுகிறேன்."

"இணைத்ததைப் பிரிப்பதா? பாலில் கலந்த தண்ணீரைப் பிரிக்க நான் என்ன அன்னப்பறவையா?" அவன் சிரித்தான். "மறைந்து பேசுவது கோழைத்தனம் அக்கா! உங்களுக்கு மறைக்க என்ன இருக்கிறது?"

"மறைக்க ஒன்றும் இல்லை தம்பி," என்றாள் பொட்டம்மாள். "ஒளிய ஒரு பொந்து இருக்கிறது. அதையும் அல்லவா சொல்லிவிட்டாய்!"

துடுப்பழகனுக்கு அது புரியவில்லை. அடுத்தவர் விவரத்தைச் சொல்லப் போய்விட்டான்.

பொழுது சாயும் நேரத்தில் குளக்கரை காலியாகிவிட்டது. பொட்டம்மாள் மட்டும் பெரணிச் செடிகளுக்குள் நின்றுகொண்டிருந்தாள். எப்படியாவது இன்னொரு முறை கெஞ்சிப் பார்க்கலாம் என்று நினைத்தாள். அப்போது காலடி ஓசையே இல்லாமல் ஓர் உருவம் தேக்கு மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தது.

புள்ளித்துரை!

"வணக்கம் தம்பி," என்றான் புள்ளித்துரை. குரலில் தேன் சொட்டியது. "உன் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அருமை! காட்டில் நேர்மை வளர்கிறது. எனக்கும் ஒரு விவரம் சொல்வாயா?"

"யார் கேட்டாலும் சொல்வேன். விதி எல்லாருக்கும் ஒன்றுதான்!" என்றான் துடுப்பழகன் பெருமையாக.

"கொம்பன் வேழமுத்து இல்லையாமே? அப்படியானால் கொம்பன் யார்?"

துடுப்பழகன் ஒரு கணம் தயங்கியதுபோல் இருந்தது.  ஆனால் விதி விதிதானே! அவன் ஆரம்பித்தான். பெயர் சொன்னான். இனம் சொன்னான். உயரம் சொன்னான். குட்டியின் முன்னங்கால் சுளுக்கைச் சொன்னான். நாவல் மரத்தைச் சொன்னான். அத்தனையும் பொட்டம்மாளின் குரலிலேயே சொன்னான். தன்னைத் தானே காட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

குளத்தில் சொன்னது தனியாக இருந்தவரை யாருக்கும் கெடுதல் இல்லை. மூங்கிலில் சொன்னதும் அப்படித்தான். அத்திமரத்துப் பாட்டும் அப்படித்தான். மூன்றையும் ஒன்றாகக் கட்டினால் அது கொலைக்கு வழிகாட்டும் பலகையாகிவிடுகிறது. இது பொட்டம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சருகுமானா!" என்றான் புள்ளித்துரை. "ஒரு கவளத்துக்குக் காணாத சருகுமானா என்னைப் பட்டினி போட்டது!"

பொட்டம்மாள் அதற்கு மேல் நிற்கவில்லை. குறுக்கு வழியில் பறந்தாள். பொந்துக்குள் தூங்கிக்கொண்டிருந்த சில்லுவை மூக்கால் தள்ளி எழுப்பினாள். "சத்தம் போடாமல் வா!" என்று ஓடைத் தண்ணீருக்குள் இறங்கினாள். தண்ணீரில் நடந்தால் வாசனை தெரியாது. சில்லு நொண்டிக்கொண்டே பின்னால் வந்தது.

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஓர் அலறல் கேட்டது. புள்ளித்துரை பொந்துக்குள் தலையை விட்டிருக்கிறான். சருகுமான் கிடைக்கவில்லை. எறும்புகள் கிடைத்தன. வேப்பிலைக்குக் கலையாத எறும்புகள், புள்ளித்துரையின் மூக்குக்குள் குடியேறிவிட்டன. அவன் தும்மிக்கொண்டே போகும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

"இனி எங்கே போவது அம்மா?" என்றது சில்லு.

நல்ல கேள்விதான். சடைச்சியின் மரத்துக்குப் போகலாமா? சடைச்சி தன் சிநேகிதி என்பதும் விவரத்தில் இருக்கிறது. மூங்கில் புதருக்கா? அதுவும் இருக்கிறது. தான் போகிற இடம், நிற்கிற இடம், நம்புகிற ஆள், எல்லாமே துடுப்பழகன் வாயில் இருக்கின்றன. தனக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஆள் வேண்டும். இதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியிராத ஆள்.

அப்படி ஒருவர்தான் இருந்தார்.

விடியற்காலையில் நாணல் காட்டுச் சேற்றில் வேழமுத்து ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். காடே சிரித்ததிலிருந்து அவர் யார் முகத்திலும் விழிப்பதில்லை. பொட்டம்மாள் அவருடைய முன்னங்கால் நகத்துக்கு எதிரில் போய் நின்றாள்.

"ஐயா, உங்களுக்கு உரிய பெயரை உங்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். மன்னிக்க வேண்டும்."

வேழமுத்து கீழே தேடிப் பார்த்து அவளைக் கண்டுபிடித்தார். பெருமூச்சு விட்டார். நாணல் சாய்ந்து நிமிர்ந்தது.

"நீ என் பெயரை எடுத்தாய். நான் உன் பாட்டை எடுத்துக்கொண்டேன். உன் பேரில் என்ன தப்பு? எனக்கு ஒரு வரி பாட வராது, அம்மா. பாட்டு பிரமாதம் என்று அவர்கள் சொல்லும்போது கேட்க நன்றாக இருந்தது. அவ்வளவுதான்."

"இன்னும் நன்றாக இருக்கும் ஐயா, ஒரு வேலை செய்தால்! ஆனால் அதைச் சத்தமாகச் சொல்ல முடியாது. மைனாக்கள் கேட்டுவிடும்."

வேழமுத்து தும்பிக்கையை நீட்டினார். பொட்டம்மாள் பயந்துகொண்டே அதில் ஏறினாள். அவர் அவளைத் தன் காதருகே தூக்கிப் பிடித்தார். அவள் ஏதோ சொன்னாள். வேழமுத்துவின் கண் முதலில் பெரிதானது. பிறகு சின்னதானது. பிறகு அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது.

வெயில் ஏறியதும் பொட்டம்மாள் மூங்கில் புதருக்குப் போனாள். மைனாக்கள் நன்றாகக் கேட்கும்படி கண்ணீர் விட்டாள்.

"தாய்மார்களே, வீடு மாற்றிவிட்டோம்! நாணல் காட்டுக்குள் ஒரு பெரிய சேற்று மேடு இருக்கிறது. அதன் முனையில் இரட்டைப் பொந்து. உள்ளே கதகதப்பாக இருக்கிறது, கொஞ்சம் ஈரம்தான். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்!"

மைனாக்கள் கேட்டன. மதியம் துடுப்பழகன் வந்து மைனாக்களிடம் கேட்டான். பிற்பகல் புள்ளித்துரை வந்து துடுப்பழகனிடம் கேட்டான். மூக்கு வீங்கியிருந்ததால் அவன் பேச்சு சரியாகப் புரியவில்லை. ஆனாலும் கேள்வி புரிந்தது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று துடுப்பழகன் புது விலாசத்தைச் சொன்னான்.

மாலையில் நாணல் காடு அசைந்தது.

பொட்டம்மாளும் சில்லுவும் அடர்ந்த நாணலுக்குள் பதுங்கியிருந்தார்கள்.  திட்டம் பிசகினால் ஓட இடமில்லை. சில்லுவால் ஓடவும் முடியாது. அவள் குட்டியின்மேல் சாய்ந்து, தன் உடம்பால் அதை மூடிக்கொண்டாள்.

புள்ளித்துரை வயிறு தரையில் உரச வந்தான். எதிரே பெரிய சேற்று மேடு. அதன் முனையில், புல்லுக்குள், இரண்டு பொந்துகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முகர்ந்து பார்க்க அவனுக்கு மூக்கு வேலை செய்யவில்லை. உள்ளேயிருந்து கதகதப்பான காற்று வந்தது.

"உள்ளேதான் மூச்சு விடுகிறாள்!" என்று பல்லைக் காட்டினான். ஒரு பொந்துக்குள் நகத்தை விட்டுத் துழாவினான்.

மேடு தும்மியது!

அந்தத் தும்மலில் புள்ளித்துரை பின்னால் போய் விழுந்தான். எழுவதற்குள் பொந்துகள் இருந்த முனை நீண்டு வளைந்து வந்து அவன் இடுப்பைச் சுற்றிக்கொண்டது. சேற்று மேடு எழுந்து நின்றது. அதற்கு நான்கு கால் இருந்தது. இரண்டு தந்தம் இருந்தது. புள்ளித்துரை அந்தரத்தில் தலைகீழாகத் தொங்கினான்.

"யார்... யார் நீ?"

"நானா?" என்றார் வேழமுத்து. இந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் வெயிலெல்லாம் சேற்றில் அசையாமல் கிடந்திருந்தார். "கொம்பன்!"

பிறகு புள்ளித்துரையைச் சேற்றில் ஒரு முக்கு முக்கி எடுத்தார். வலது பக்கம் ஒரு முக்கு, இடது பக்கம் ஒரு முக்கு. ஒரு புள்ளிகூடத் தெரியாமல் போயிற்று. அப்புறம் தூக்கி ஓடைக்கு அக்கரையில் எறிந்தார்.

"இனி இந்தக் காட்டில் உன்னைப் பார்த்தேன் என்றால், பாட்டு இருக்காது. வெறும் தாளம்தான்!"

புள்ளித்துரை சேறு சொட்ட ஓடினான். நேராக ஓடியது தேக்கு மரத்துக்குத்தான். துடுப்பழகன் தூங்குகிற கிளை அவனுக்குத் தெரியும். காட்டில் யாருக்குத்தான் தெரியாது?

"பொய்யா சொன்னாய்! சருகுமானா அது? அது யானையடா, யானை!" என்று பாய்ந்தான்.

துடுப்பழகன் மயிரிழையில் தப்பினான். ஒரு துடுப்பு மட்டும் புள்ளித்துரையின் நகத்தோடு போய்விட்டது.

மறுநாள் காடு முழுவதும் இதே பேச்சு. "துடுப்பழகன் சொன்ன விவரம் பொய்யாம்! கொம்பன் வேழமுத்து ஐயாதானாம்!" எல்லாருக்கும் உண்மை தெரியும். ஆனாலும் எல்லாரும் அதையே சொன்னார்கள்.

கரடியார் மூச்சு வாங்க ஓடிவந்தார். "கேட்டாயா? ஒன்று பொய் என்றால் எல்லாமே பொய்! தேன்கூடும் பொய்!" கரடியம்மாள் அவருடைய தாடியில் ஒட்டியிருந்த தேன்மெழுகைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஓடி ஓடி அவளுக்கும் கால் வலித்தது. "எனக்கு அந்த இரண்டாவது பெண் யார் என்றே தெரியாது!" என்றது மயில். சடைச்சி பொட்டம்மாளிடம் வந்து, வாலைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, "மன்னித்துவிடு அக்கா. நான் கேட்டிருக்கவே கூடாது," என்றாள். "நானும்தான் கரடியாரைப் பார்த்துச் சிரித்தேன்," என்றாள் பொட்டம்மாள்.

குளத்தில் சொன்னது மறுபடியும் குளத்தோடு நின்றது. மூங்கிலில் சொன்னது மூங்கிலோடு நின்றது. ஒருமுகத் திட்டம் என்ற பேச்சை எடுத்தாலே உடும்புக்கு இருமல் வந்தது.

அன்று மாலை பொட்டம்மாள் சில்லுவின் காலுக்குப் பச்சிலையை மென்று பூசிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே ஏதோ கோணலாகப் பறந்து வந்து, கோணலாக உட்கார்ந்தது. ஒற்றைத் துடுப்போடு துடுப்பழகன்.

"அக்கா, என்னைப் பொய்யன் என்கிறார்கள். நான் சொன்னதில் ஒரு பொய் உண்டா? நீங்கள் சொன்னதைத்தானே சொன்னேன்! நீங்கள்தானே கொம்பன்!"

"ஆமாம் தம்பி. முதலில் நீ சொன்னது அத்தனையும் உண்மை," என்றாள் பொட்டம்மாள். "அந்த உண்மையில்தான் என் குட்டி செத்திருக்கும்."

துடுப்பழகன் சில்லுவைப் பார்த்தான். அதன் காலைப் பார்த்தான். எத்தனையோ பேரிடம் அந்தக் காலைப் பற்றி ஒப்பித்தவன், இப்போதுதான் அதை முதல் தடவையாகப் பார்த்தான். ஒரு கிளை கீழே இறங்கி உட்கார்ந்தான்.

கடைசியில், "புள்ளித்துரை திரும்பி வந்தால் என்னைத்தான் தேடுவான். நான் தூங்குகிற கிளை, தண்ணீர் குடிக்கிற இடம், எல்லாவற்றையும் நானே ஊருக்குச் சொல்லிவிட்டேன். நான் எங்கே போவது அக்கா?" என்றான். அது அவனுடைய சொந்தக் குரல். கொஞ்சம் கீச்சென்று இருந்தது.

"காடு பெரியது தம்பி. நல்ல மரமாகப் பார்த்துப் போ," என்றாள் பொட்டம்மாள். "ஆனால் எந்த மரம் என்று யாரிடமும் சொல்லாதே. என்னிடமும் சொல்லாதே."

அவன் தலையாட்டிவிட்டுப் பறந்தான். எந்தத் திசையில் போகிறான் என்று தெரிந்துவிடக் கூடாதே என்று, பொட்டம்மாள் தன் கண்ணை மூடிக்கொண்டாள். சில்லுவின் கண்ணையும் மூடினாள்.

இடத்துக்கு ஒரு முகம் காட்டுவது பொய்யாகாது. ஆனால் எல்லா முகங்களையும் சேர்த்து ஒரே கையில் கொடுக்கிறவர், தம் கழுத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்.